ரோசரியின் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை

திருச்சியில் ரோசரியின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவள் குரலைக் கேட்காத காது ஒன்றுகூட இருக்காது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு, பெரிய கடை வீதி, உறையூர், ஸ்ரீரங்கம் என்று விளம்பர ஆட்டோ எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அவள் குரலும் போகும். "வாங்க, குடும்பத்தோட வாங்க, குழந்தைங்களோட வாங்க" என்று புடவைக் கடைக்குக் கூப்பிட்டதும் அவள்தான், பல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதும் அவள்தான். பாத்திரக் கடை, பர்னிச்சர் மேளா, பிரியாணிக் கடைத் திறப்பு விழா எல்லாவற்றுக்கும் அதே சிரிப்பு, அதே குழைவு. அந்தக் குரலை நம்பி நானே ஒரு மிக்ஸி வாங்கி ஏமாந்திருக்கிறேன். அப்போது எனக்கு அவளைத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இப்போது அவள் என் தையல் கடைக்கு மேலே, மாடி அறையில் இருக்கிறாள். உறையூரில் அந்த அறைக்கு வேறு யாரும் வாடகைக்கு வரவில்லை, ஜன்னல் இல்லை என்று. ரோசரி ஜன்னல் இல்லாததைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தாள். தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். சுவர் நான்கிலும் பழைய மெத்தை விரிப்புகளை நான்தான் தைத்து மாட்டிக் கொடுத்தேன்.

அவள் பொன்மலைக்காரி. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளும் பதில் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. மாதா கோவில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. ஒரு கல்யாணப் பூசையில் அவள் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் தாயுமானவன் அவளைத் தேடி வந்தான். காந்தி மார்க்கெட் பக்கத்தில் விளம்பரம் பதிவு செய்கிற கடை வைத்திருப்பவன். வயதில் பெரியவர், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். நான் எழுத மாட்டேன்.

பல வருஷம் அவனுக்கு அவள் விளம்பரம் பேசினாள். மழைக்காலம், வெயில்காலம், அவள் அம்மா செத்துப் பதினாறு முடியாத நாள் என்று பார்க்காமல் போய்ப் பேசினாள். ஒரு விளம்பரத்தில்கூட அவள் பெயர் வராது. விளம்பரத்தில் கடை பெயர்தான் வரும், பேசுகிறவள் பெயர் வராது, அதுதான் வழக்கம் என்று அவளே சொல்வாள். அதைக் குறையாகவும் அவள் நினைத்ததில்லை.

போன வருஷம் ஒருநாள் அவன் கட்டுக் கட்டாகத் தாள்களைக் கொடுத்து, "ஸ்கூல் பசங்களுக்குப் பாடம் பதிவு பண்றோம் ரோசரி, நிதானமா எல்லாத்தையும் வாசிச்சுக் குடு" என்றான். அதில் சமையல் குறிப்பு இருந்தது, பத்திரிகைச் செய்தி இருந்தது, சந்தோஷமாகப் பேசுகிற வசனமும் அழுகிற வசனமும் இருந்தன. பாடத்துக்கு எதற்கு அழுகை என்று இந்தப் பைத்தியக்காரி கேட்கவில்லை. ஜுரத்தோடு, வெந்நீர் குடித்துக் குடித்து எல்லாவற்றையும் வாசித்தாள். முடிந்ததும், "கொஞ்ச நாளைக்கு வேலை இல்லம்மா, கூப்பிடறேன்" என்றான். கூப்பிடவே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் பிரசவித்திருந்த ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ராஜகோபுரத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஒரு விளம்பர ஆட்டோ அவளைக் கடந்து போனது. அவள் குரலிலேயே, அவள் சிரிப்போடு, மெத்தை விற்றது. 'மெமரி ஃபோம்' என்ற வார்த்தையை ரோசரி தன் ஆயுசில் சொன்னது கிடையாது. ஆட்டோ மெதுவாகத் திரும்பிக் கோபுர வாசலுக்குள் போகும் வரை தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பஸ் வந்ததும் போனதும் தெரியவில்லை.

நேரே தாயுமானவன் கடைக்குப் போனாள். அவன் மறைக்கக்கூட இல்லை. குரலை நகலெடுக்கிற புரோகிராம் வந்திருக்கிறது, அவள் வாசித்த பதிவுகளை வைத்து அதைப் பழக்கிவிட்டான், இனி எழுதிக் கொடுத்தால் போதும், அது பேசிவிடும்.

"அது என் குரல் அண்ணே."

"உன் குரல்தான்மா, யாரு இல்லன்னா? ஆனா பேசுறது நீ இல்லையே."

இதோடு நின்றிருந்தால்கூட அவள் அழுதுவிட்டு வேறு வேலை தேடியிருப்பாள். எந்த வியாபாரியும் அவளை நேராகக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று அவன் இன்னொன்று செய்திருந்தான். ரோசரிக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் பேச்சு வராது, பாவம், குரலையாவது நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவள் வேலை கேட்டு ஒவ்வொரு கடையாக ஏறியபோது, வாயைத் திறக்குமுன்பே எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்து, 'பேசாதம்மா, வலிக்கும்' என்று அனுப்பிவிட்டார்கள். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் அவளுக்குச் சைகையிலேயே பதில் சொன்னாராம். பேச்சு போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் அவள் என் கடை வாசலில் வந்து நின்று அறையைக் கேட்டாள். நான் விவரம் கேட்டேன், சொன்னாள்.

"ஜெகதாக்கா, அந்த ஆள் கடை வாசல்ல என் குரல் கேக்கணும். நான் பேசுறது. மிஷின் பேசுறது இல்ல. மார்க்கெட்டே நின்னு கேக்கணும், அந்த ஆள் மூஞ்சிய நான் பாக்கணும். அது நடக்காம நான் சாக மாட்டேன்."

எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. மன்னிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்.

கையிருப்பையெல்லாம் போட்டு, மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். அதோடு பிறந்த சவுண்டு எப்போதோ செத்துவிட்டிருந்தது. அதனால் தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கி உள்ளே சொருகினார்கள். மைக்கில் பேசுகிற குரலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதும், உள்ளே இருப்பதை ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவதும் அந்தப் பச்சை அட்டையின் வேலை. அதைச் செய்து கொடுத்தவள் நிஷா, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற பெண். ஆட்டோ பிச்சைமுத்துவுடையது. தாயுமானவனிடம் ஓட்டிக்கொண்டிருந்தவர், தொண்டைக் கட்டி விவகாரம் பொய் என்று தெரிந்த அன்றே ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயரோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். பக்திமான். பிள்ளையாரைப் பார்த்தாலும் பள்ளிவாசலைப் பார்த்தாலும் சகாய மாதா கோவிலைப் பார்த்தாலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பக்தி வரும்.

மாதக் கணக்கில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் ஹபீபுல்லா பாய் கொடுத்தார். சின்னக்கடை வீதியில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். போனில் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, "தொண்டைக்கு என்னமோன்னு சொன்னாங்களேம்மா" என்றார். "நீங்களே கேக்குறீங்களே பாய், எப்படி இருக்கு?" என்று இவள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். தீபாவளி விற்பனை விளம்பரம். ஆயுத பூஜை கழித்து வருகிற சனிக்கிழமை காலையில் வண்டி கிளம்பி, மார்க்கெட்டைச் சுற்றி, ஸ்ரீரங்கம் வரை போக வேண்டும். போலீஸ் அனுமதியெல்லாம் அவரே வாங்கிவிட்டார்.

"தாயுமானவனும் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காரும்மா. நீங்க முடியலன்னா முன்னாடியே சொல்லிடுங்க" என்றும் சொல்லி வைத்தார்.

முடியவில்லை என்று சொல்வதாவது! ரோசரி வண்டி போகிற வழியைக் கேட்டு, அதில் தாயுமானவன் கடை இருக்கிற தெருவை இரண்டு தடவை சேர்த்தாள். பேச வேண்டியதை ஒரு வாரமாகப் பழகினாள். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் பதிவு செய்வதாக ஏற்பாடு.

ஆயுத பூஜையன்று என் தையல் மிஷினும் அவள் கம்ப்யூட்டரும் பிச்சைமுத்துவின் ஆட்டோவும் சேர்ந்து பூஜை கொண்டாடின. ரோசரி கிறிஸ்தவச்சி என்றாலும் இதற்கெல்லாம் ஒதுங்குகிறவள் இல்லை, பொரி கடலை கட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. நானும் அவளும் கீழே வாசலைக் கழுவிக் கோலம் போட்டோம். மேலே பூஜையைப் பிச்சைமுத்துவே பார்த்துக்கொண்டார். பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜாவித் வந்தான். தாயுமானவன் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். கையில் பொரிப் பொட்டலம்.

"அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருக்கா. தொழில்காரங்க வீட்டுக்கெல்லாம் குடுக்கிறது வழக்கம்தானே."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பூஜைப் பொரியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. "மேல வெச்சுட்டுப் போப்பா" என்று ரோசரி சொல்லிவிட்டாள். அவன் மாடிக்குப் போனான், வைத்தான், இறங்கிப் போனான். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலையில் ரோசரி குளித்து, மைக்குக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது. திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு. மைக்கில் பேசினாள், ஊதினாள், தட்டினாள். ஒன்றும் இல்லை.

நிஷா பூஜை விடுமுறைக்குத் தஞ்சாவூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். போனிலேயே வைத்தியம் பார்த்தாள். அங்கிருந்தபடியே நெட் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டாள். அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று பெயர்ப் பட்டியலைத் திறந்தாள்.

"அக்கா, கார்டு பேருக்குப் பக்கத்துல மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தா டிரைவர்ல, அதாவது அத ஓட்டுற புரோகிராம்ல, கோளாறுன்னு அர்த்தம். சரி பண்ணிடலாம். இங்க பேரே இல்ல. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கார்டு இருக்கிறதே தெரியல."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே?"

"அதான் புரியல."

டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். புதிதாகத் தேடச் சொன்னாள், கம்ப்யூட்டர் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்றது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி போடச் சொன்னாள். எழும்போதே டெலீட் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லி, நீலத் திரையில் ஏதேதோ பார்க்கச் சொன்னாள். வீடியோவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கை மரத்துப்போயிற்று. பிச்சைமுத்து சிங்காரத்தோப்புக்கு ஓடிப்போய், வெளியில் சொருகுகிற ஒரு குட்டி சவுண்ட் கார்டு வாங்கிவந்தார். அதில் ரோசரியின் குரலோடு ஒரு வண்டும் சேர்ந்து 'ங்ஙொய்' என்றது. செல்போனில் பதிவு செய்தால் என்ன என்று நான் கேட்டேன். ரோசரி என்னைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் கேட்கவில்லை.

"அப்ப கார்டையே கழட்டிப் பாக்கணும்கா" என்றாள் நிஷா. "பெட்டியோட பக்கத்து மூடிய எடுங்க. கார்ட நிமித்தி எடுத்து, கீழ்ப் பக்கம் பல் மாதிரி இருக்கிறத அழிரப்பரால தொடச்சுட்டு, அழுத்திச் சொருகுங்க. பாதி நேரம் அதுலயே சரியாயிடும்."

ரோசரி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பெட்டியின் மூடியில் ஒரு திருகாணி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஜெகதாக்கா, யாரோ திறந்திருக்காங்க."

அடுத்த நொடி இருவருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. ஜாவித். பொரி கொடுக்க வந்தவன் இல்லை அவன், அனுப்பப்பட்டவன். தாயுமானவனுக்கு ஹபீபுல்லா பாய் விஷயம் தெரிந்திருக்கிறது. பூஜைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து இந்த வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறான். சாமி பொரியில் இப்படி ஒரு நஞ்சா! நான் அந்தப் பொட்டலத்தை எடுத்துத் தெருவில் வீசினேன். திருச்சி வசவில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வீசினேன்.

ரோசரி கத்தவில்லை. அவள் கோபம் வேறு மாதிரி. ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பெட்டியை யாரும் தொடக் கூடாது. உள்ள அவன் கைரேகை இருக்கும். போலீஸ்ல குடுப்பேன்."

"அக்கா, திறந்து பாத்தா ஒருவேளை..." என்று நிஷா போனில் கெஞ்சினாள்.

"நீ வந்து சாட்சியா நின்னு திற. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"நான் சனிக்கிழமைதான்கா வர முடியும்."

"சனிக்கிழமையே வா."

பிச்சைமுத்துவும், "அதுதான் சரி, விடக் கூடாதுக்கா அந்த ஆளை" என்றார். சரியாகிவிடக்கூடிய ஒரு காரியத்தை இப்படி நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து பூட்டி வைத்தோம். பழிவாங்குவதற்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் வேலை கெடுவது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹபீபுல்லா பாய் போன் செய்தார். ரோசரி உள்ளதைச் சொன்னாள்.

"ரெக்கார்டிங் இல்ல பாய். ஆனா வண்டி நாளைக்குப் போகும். நானே ஆட்டோவுல உக்காந்து நேர்ல பேசறேன்."

"நாள் பூராவுமா? தொண்டை என்னாகும்மா?"

"என் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலன்னு ஊருக்குத் தெரியணும்ல பாய்."

 அவர், "அல்லாஹ் போதுமானவன். பேசுங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் நான் கடையைத் திறக்கவில்லை. மாடிச் சாவியை நிஷாவுக்காகப் பக்கத்து இஸ்திரிக் கடையில் கொடுத்துவிட்டு, வெந்நீர் பிளாஸ்க்கோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். தாயுமானவன் முகத்தை ரோசரி மட்டும்தான் பார்க்க வேண்டுமா? பெரிய கடை வீதியெல்லாம் அவள் ஹபீபுல்லா பாய்க்கு நேர்மையாகத்தான் பேசினாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம். வெங்காய மூட்டை ஏற்றுகிறவர்கள், வாழைத்தார் சுமப்பவர்கள், பேரம் பேசுகிறவர்கள், எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டு தாயுமானவன் கடை வாசலில் ஆட்டோ நின்றது. அவன் உள்ளே மேஜையில் இருந்தான்.

ரோசரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"வணக்கம். இது ரோசரி பேசுறேன். உங்களுக்கு என் குரல் தெரியும், என்னைத் தெரியாது. இதோ இந்தக் கடையில உக்காந்திருக்கிற தாயுமானவன், பொய் சொல்லி என் குரலைப் பிடிச்சு மிஷினுக்குக் குடுத்தவர். எனக்குத் தொண்டையில கட்டி, பேச்சு போயிடுச்சுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னவர். இப்ப பூஜைப் பொரியோட ஆள் அனுப்பி என் கம்ப்யூட்டரைக் கெடுத்தவர்..."

எல்லாம் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. நான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் தலை தூக்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. மைக்கைப் பிடித்துவிட்டால் அவளுக்கு அந்தக் குரல்தான் வரும். அதே குழைவு, அதே ஏற்ற இறக்கம், வார்த்தைக் கடைசியில் அதே சிரிப்பு. 'பொய் சொன்னவர்' என்பதும் 'புத்தம் புது ரகங்கள்' என்பதும் ஒரே மெட்டில் வந்தன. அந்தக் குரல் வந்தால் கவனிக்காமல் வேலையைப் பார்ப்பதற்கு மார்க்கெட் பழகிவிட்டது. பல வருஷப் பழக்கம். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் ஆட்டோ பக்கம் வந்து, "எத்தனை பர்சென்ட் தள்ளுபடிம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டது ஒரே ஒரு ஆள். தாயுமானவன் எழுந்து வாசல்படிக்கு வந்து நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டான். முதலில் அவன் முகம் வெளுத்தது உண்மை. பிறகு அவனும் சுற்றிலும் பார்த்தான். யாரும் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"நல்லா இருக்கு ரோசரி, இன்னொரு வாட்டி பேசு" என்றான்.

ரோசரி மைக்கை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நிஷா.

"ஜெகதாக்கா, நான் ரூம்ல இருக்கேன். பெட்டியத் திறந்துட்டேன். கார்டு பல்லெல்லாம் சந்தனம்கா! கெட்டியா அப்பிக் காஞ்சு போயிருக்கு. நடுவுல குங்குமப் பொட்டு வேற. சொருகுற இடத்துக்குள்ளயும் சந்தனம். இத வெச்சுக்கிட்டு அது எப்படித் தெரியும்? யாருக்கா இப்படிப் பண்ணினது?"

நான் பிச்சைமுத்துவைப் பார்த்தேன். சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"நான்தான்கா. ஆட்டோவுக்கு என்ஜின் மூடியத் திறந்துதானே பொட்டு வைக்கிறேன்? கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளி டப்பாவுக்கு வெச்சா சாமி ஏத்துக்குமா? அக்கா குரல் அந்த அட்டையிலதான் இருக்குன்னு நிஷா சொன்னுச்சு. அதான் அத எடுத்து, தங்கமாட்டம் பளபளன்னு இருந்த பக்கத்துல நல்லா பூசிட்டுச் சொருகிட்டேன்."

"இப்பவா சொல்றீங்க இதை!"

"சந்தனம் கெடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரும் கேக்கலையே."

அவரை அடிக்க எனக்குக் கை வந்தது. ஆனால் அதைவிட அவசரமான வேலை இருந்தது. ரோசரியின் காதில் குனிந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வெளிய சொல்லாத. அவன் பண்ணினதாவே இருக்கட்டும். அவன் பண்ணின பாவத்துக்கு இது ஒண்ணு சேர்ந்தா என்ன, மூழ்கியா போயிடுவான்?" என்றேன். இப்போதும் நான் அப்படித்தான் சொல்வேன்.

ரோசரி என்னைப் பார்த்தாள், தாயுமானவனைப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. அவன் செய்யாதத நான் சொன்னா, செஞ்சதும் பொய்யாயிடும். ஒண்ணுகூட அவன் தப்பிச்சுக்கக் கூடாது."

மறுபடி மைக்கை எடுத்தாள். இந்தத் தடவை அவளுக்குக் குரல் சரியாக எழவில்லை.

"ஒரு... ஒரு நிமிஷம். நான் இப்ப ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்."

தொண்டையைச் செருமினாள். ஸ்பீக்கரில் அது மார்க்கெட் முழுக்கக் கேட்டது.

"கம்ப்யூட்டரைக் கெடுத்தது இவர் இல்ல. அது எங்க ஆள் தெரியாம பண்ணினது. கார்டுல சந்தனம் பூசிட்டாரு. அதுக்கு மட்டும் தாயுமானவன் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன். மத்ததெல்லாம் இவர் செஞ்சதுதான்."

வெங்காயக் கடைக்காரியின் தராசு அந்தரத்தில் நின்றது. மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர் மூட்டையோடு திரும்பினார். பொருளை விற்க வந்த குரல் எதுவும் இதுவரை 'தப்பா சொல்லிட்டேன்' என்று அந்த மார்க்கெட்டில் சொன்னது கிடையாது.

"ஏண்டி, இது ரெக்கார்டு இல்லடி, ஆளு பேசுது!" என்றாள் வெங்காயக்காரி.

"யாரு, விளம்பரத்துல பேசுமே, அந்தப் பொண்ணா?"

"அதுக்குப் பேச்சு போயிடுச்சுன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"இவர்தான் சொன்னாரு. இதோ நிக்கிறாரே, இவர்தான்."

ஆட்டோவைச் சுற்றி ஆள் சேர்ந்தது. அன்றைக்குச் சைகையில் பேசிய பாத்திரக் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ரோசரியின் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாயுமானவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தாயுமானவன் கொக்கியை எடுத்து ஷட்டரை இழுக்கப் பார்த்தான்.

"இருங்க சார், எங்க போறீங்க? நில்லுங்க" என்று பாத்திரக் கடைக்காரர் ஷட்டருக்கு அடியில் போய் நின்றுகொண்டார். பிறகு ரோசரியிடம், "முதல்ல நீ சொன்னத நாங்க சரியா கேக்கலம்மா. ஆரம்பத்துலேருந்து சொல்லு" என்றார்.

நான் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். மைக்கை வைத்துவிட்டாள், தேவைப்படவில்லை. மார்க்கெட் அவ்வளவு அமைதியாக இருந்தது. தாயுமானவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ரோசரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள்.